திரும்பியவர்களும் திருப்பப்பட்டவர்களும்

2004ஆம் ஆண்டு, நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில், என் அத்தையின் வீட்டுத் திண்ணையில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அமர்ந்திருந்தேன். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி நாற்பது ஆண்டுகள் நிறைவுறும் வேளையில், அவ்வொப்பந்தத்தின் பேரில் கடல் கடந்தவர்களைக் கண்டு ஞாயிறு இதழுக்குக் கட்டுரை எழுதுவதே பயணத்தின் நோக்கம். அத்தை என் தந்தையாரின் தங்கை. 1975ஆம் ஆண்டு புறப்பட்டுப் போனவரை இருபத்தொன்பது ஆண்டுகளின் பின் அன்றுதான் பார்த்தேன்.

பத்திரிகைத் தோரணையில் முதற் கேள்வியைக் கேட்டேன். "அத்தை, நீங்க தாயகம் திரும்புனது எந்த வருசம்?"

அவர் என்னையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "யாரு மருமகனே திரும்புனது? நான் பொறந்தது தலவாக்கலை பக்கம், எங்கம்மா பொறந்ததும் அங்கதான். வராத ஊருக்கு எப்புடித் திரும்புறது? அனுப்புனாங்க, வந்தோம்."

தமிழ்நாட்டு அரசின் பதிவேடுகளில் என் அத்தை 'தாயகம் திரும்பியோர்' என்ற பிரிவின் கீழ் வருபவர். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் அதே பெயர்தான். இலங்கைப் பத்திரிகைகளில் நாங்களும் அச்சொல்லையே எழுதினோம். அதில் ஒரு பொய் இருக்கின்றது என்பதைப் பேராதனையில் வரலாறு படித்து, பத்திரிகையில் பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்திருந்த எனக்கு, நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு கொழுந்து பறிக்கும் பெண் சொல்ல வேண்டியிருந்தது.

பாடசாலையில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் தன்வினை, பிறவினை என்ற பாடத்தை நடத்தும்போது 'திரும்பு – திருப்பு' என்ற இணையைத்தான் முதல் உதாரணமாக எடுப்பார். ஓரெழுத்து மாறினால் செய்பவன் மாறிவிடுகிறான் என்பார். திரும்பினான் என்றால் அவனாகத் திரும்பினான். திருப்பினான் என்றால் வேறொன்றை, வேறொருவரைத் திருப்பினான். 'திருப்பி அனுப்பப்பட்டோர்' என்று எழுதியிருந்தால் அனுப்பியது யார் என்ற கேள்வி உடனே எழும். 'திரும்பியோர்' என்று எழுதும்போது அக்கேள்விக்கு இடமேயில்லை. விருப்பமில்லாத ஒரு பயணத்துக்கு விருப்பத்தை இலவசமாக வழங்குகின்ற வினைச்சொல் அது.

இத்தகைய வழக்கம் 1964இல் தொடங்கியதன்று. பிஜிக்கும் தென்னாபிரிக்காவுக்கும் மொரீசியஸுக்கும் போன இந்தியத் தொழிலாளர் ஐந்தாண்டு முறியில் கைநாட்டு வைத்துப் போனார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் கங்காணியின் பின்னால் வந்தார்கள். முறி இல்லை என்ற ஒரே காரணத்தால், இலங்கைக்கு வருவோர் தம் சொந்த விருப்பின் பேரில் வரும் சுதந்திரத் தொழிலாளர் என்று குடியேற்றவாத அரசு வாதிட்டது. மண்டபம் வரையிலான வழிச்செலவும், கம்பளியும், சாப்பாடும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியதும், அந்தக் கடன் தொகை குறித்த 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நகர முடியாதிருந்ததும் அந்த வாதத்தில் இடம்பெறுவதில்லை. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான். என் பாட்டனார் தம் தந்தை இலங்கைக்கு வந்ததைச் சொல்லும்போது ஒருநாளும் 'வந்தார்' என்று சொன்னதில்லை. 'கூட்டியாந்தாங்க' என்பதே அவர் வாய்ச்சொல்.

ஒப்பந்தத்தின் கதையை வாசகர்கள் அறிவார்களாயினும், இலக்கங்களை ஒருமுறை நினைவுபடுத்துவது தகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரைப் பிரசாவுரிமை இல்லாதவர்களாக்கிற்று. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பெற்றவர்கள் சுமார் 134,000 பேர். எஞ்சியோர் 975,000 என்று மதிப்பிட்டு, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு பிரதமர்களும் புது டில்லியில் கையெழுத்திட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். பாகப் பிரிவினையில் பசுக்களைக்கூட ஒருமுறை தடவிப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இந்த மக்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பது முழு உண்மையன்று. 1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் கோரப்பட்டன. இதுவா, அதுவா என்று எழுதிக் கொடுக்கும்படி சொல்லப்பட்டது. அப்போது ஒரு வினோதம் நிகழ்ந்தது. இந்தியப் பிரசாவுரிமை கோரியவர்கள் 525,000 என்ற இலக்கை எட்டவேயில்லை. இலங்கைப் பிரசாவுரிமை கோரியவர்களோ 300,000ஐ வெகுவாக விஞ்சி நின்றனர். பேச்சுவார்த்தை மேசையில் இடமளிக்கப்படாதவர்கள் படிவத்தின் கோடிட்ட இடத்தில் தமது பதிலை எழுதியிருந்தார்கள். அந்தப் பதில் கணக்கோடு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். பெரியப்பா, என் தந்தையார், அத்தை. ஒரே லயத்தின் ஒரே காம்பராவில் பிறந்தவர்கள். மூவரையும் அந்தப் படிவங்கள் மூன்று திசைகளில் நிறுத்தின. மூவரும் பிற்காலத்தில் தத்தம் கதையைச் சொன்ன விதத்தைப் பல ஆண்டுகள் கேட்டுக் கொண்டிருந்த பின்னரே, அவர்கள் பயன்படுத்திய வினைமுற்றுகள் எவ்வளவு வேறுபட்டவை என்பது என் காதில் விழுந்தது.

தந்தையாருக்கு 1972இல் இலங்கைப் பிரசாவுரிமை வந்தது. நான் பல்கலைக்கழகம் போனதும், பத்திரிகையில் பெயர் போட்டு எழுதியதும் அந்த ஒரு கடதாசியின் புண்ணியம். ஆயினும் அவர் "நான் எடுத்தேன்" என்று சொல்லிக் கேட்டதில்லை. "எனக்குக் கெடைச்சது" என்பார். 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையில் அவர் ஒதுங்கி நிற்க, பிரசாவுரிமை தானாக நடந்துவந்து அவர் மடியில் அமர்ந்ததைப் போலிருக்கும். எத்தனை தடவை நுவரெலியாவுக்கு நடந்தார், பிறப்புச் சான்றுக்காக யார் யார் வாசலில் நின்றார் என்பதெல்லாம் என் தாயார் சொல்லித்தான் தெரியும். அண்ணனுக்கும் தங்கைக்கும் கிடைக்காத ஒன்றைத் தாம் முயன்று பெற்றதாகச் சொல்ல அவர் நா எழவில்லை என்று நான் விளங்கிக் கொண்டிருக்கிறேன். பெற்றதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் தன்வினையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

பெரியப்பாவின் பேச்சு இதற்கு நேர்மாறானது. "எல்லாம் போனானுங்க. நான் போகல. போகமாட்டேன்னு நின்னேன்." திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் இழவு வீட்டிலும் இதைச் சொல்லுவார். சிறுவர்களாகிய எங்களுக்கு அவர் ஒரு வீரர். 1977இலும் 1983இலும் தோட்டங்கள் எரிந்தபோதும் அசையாது நின்ற மனிதர் என்பதால், அந்த 'நின்னேன்' என்ற சொல்லை நாங்கள் ஒருபோதும் ஐயுற்றதில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போகாமல் தங்கிவிட்டவர்கள் ஒரு பிரகடனப் படிவத்தில் கையெழுத்திட்டு இலங்கைப் பிரசையாகலாம் என்று அச்சட்டம் சொன்னது. பெரியப்பா என்னைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியனுப்பினார். படிவத்தை நிரப்பித் தரவேண்டுமாம். கதவைச் சாத்திவிட்டு, தகரப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். 1979இல் வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டு.

நான் ஒன்றும் பேசவில்லை. அவரே பேசினார். முதலில் இலங்கைக்குத்தான் எழுதிக் கொடுத்தாராம், அது தள்ளுபடியாயிற்றாம், பிறகு இந்தியாவுக்கு எழுதினாராம். "வாங்குனது உண்மை. ஆனா போகலையே!" என்றார். மூன்று தடவை பெட்டி கட்டியதாகவும் சொன்னார். ஒருமுறை பெரியம்மாவுக்குப் பிரசவம். ஒருமுறை சேமலாப நிதிப் பணம் வந்துசேரவில்லை. மூன்றாவது முறைக்கு அவர் சொன்ன காரணம், கறவைப் பசுவை வாங்குவதாகச் சொன்ன ஆள் கடைசி நேரத்தில் விலையைக் குறைத்துவிட்டான் என்பது. 1984இல் யுத்தச் சூழ்நிலையால் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோயிற்று.

அப்படியாயின் நின்றவர் பெரியப்பாவா, கப்பலா? அன்றிரவு முழுதும் இக்கேள்வி என்னை விடவில்லை. வீரம் பேசிப் பேசி எங்களை ஏமாற்றிவிட்டாரே என்ற கோபம்கூட இருந்தது. பின்னர் தேதிகளை அடுக்கிப் பார்த்தேன். 1979க்கும் 1984க்கும் இடையில் ஐந்து வருடங்கள் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போக விரும்பும் மனிதனை ஒரு பசுமாட்டின் விலை ஐந்து வருடம் பிடித்து வைத்திருக்குமா? போகமாட்டேன் என்று எவரிடமும் சொல்லத் துணிவில்லாத மனிதர், போகாமலிருப்பதற்கு ஒவ்வொரு வருடமும் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. அவர் சொன்னது பொய்யென்று இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை.

இனி அத்தையிடம் வருகிறேன்.

அத்தை குடும்பம் புறப்பட்டபோது எனக்கு வயது ஏழு. தலவாக்கலைப் புகையிரத நிலையத்தில் கூடிய சனத்தையும், வண்டியில் இருந்தவர்களும் மேடையில் நின்றவர்களும் ஒரே குரலாக அழுததையும் நினைவில் வைத்திருக்கிறேன். மலையகத்தார் அந்த வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டிருந்தார்கள். தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் இறக்கம், பிறகு மண்டபம் முகாம். (முன்னர் கப்பல் தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பர் புயலில் அந்த ஊரே அழிந்துபோயிற்று. திரும்பிச் செல்ல வேண்டிய துறைமுகம் திரும்புவோர் வருமுன்னரே போய்விட்டது.) அந்த மண்டபத்தின் வழியாகத்தான் அவருடைய முன்னோரும் இலங்கைக்கு வந்திருந்தார்கள்.

கோத்தகிரித் திண்ணையில் அவர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேசினார். மாமா அப்போது உயிருடன் இல்லை. தொடக்கத்தில் எல்லாம் 'அவங்க'தான். அவங்க படிவம் குடுத்தாங்க, அவங்க கைநாட்டு வாங்குனாங்க, அவங்க ஏத்துனாங்க, அவங்க எறக்குனாங்க. திருச்சிப் பக்கம் குடும்ப அட்டையையும் வியாபாரக் கடனையும் கையில் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னார்களாம். தேயிலைக் கூடையைத் தவிர வேறொன்றும் தூக்கியறியாதவர்களின் கடை எத்தனை நாள் ஓடும்? நான் வேகமாகக் குறிப்பெடுத்தேன். என் கட்டுரைக்கு வேண்டியது அதுதான்: இரு அரசுகள் சேர்ந்து சரக்கைப்போல இடம் மாற்றிய ஒரு சனம்.

பிறகு பேச்சு 1974க்கு வந்தது. அந்த வருடங்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்கி, தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்து, மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத காலம். லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டத்து மக்கள் நகரத்து வீதிகளில் கையேந்தினார்கள். அத்தையின் கடைக்குட்டிப் பெண் அந்த வருடம் இறந்தாள். கடவுச்சீட்டு ஏற்கெனவே வந்திருந்தது. மாமா புறப்பட மனமின்றி நாளைக் கடத்திக் கொண்டிருந்தார்.

அத்தையின் குரல் அந்த இடத்தில் மாறிற்று. "அவரு பொறுத்துப் பாப்போம்னாரு. நாந்தான் பெட்டியக் கட்டுனேன். ஒரு புள்ளையப் பொதைச்ச தோட்டத்துல இன்னொரு புள்ளைய வச்சிக்கிட்டு இருக்கமாட்டேன்னு சொன்னேன். நீ வந்தா வா, வராட்டி இரு, நான் போறேன்னு சொன்னேன்." அதற்கு முன் இரண்டு மணி நேரத்தில் 'நான்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை என்பதைப் பின்னர் ஒலிநாடாவைக் கேட்டபோதுதான் கவனித்தேன். அதன் பிறகு நாடா முடியும்வரை 'நான்'தான். திருச்சிக் கடையை மூடச் சொன்னது நான், நகையை விற்று பஸ் ஏறியது நான், தேயிலை இருக்கிற மலை எங்கேயென்று விசாரித்துக் கோத்தகிரிக்கு வந்தது நான்.

கட்டுரையை எழுதினேன். இரண்டு வாரம் வெளிவந்தது, பாராட்டுக் கடிதங்களும் வந்தன. அதில் 'அனுப்புனாங்க' இருந்தது, பட்டினி இருந்தது, இறந்த குழந்தையும் இருந்தாள். 'நாந்தான் பெட்டியக் கட்டுனேன்' இல்லை.

எந்த ஆசிரியரும் வெட்டவில்லை. நானே வெட்டினேன். பலவந்தமாக நாடு கடத்தப்பட்ட மக்களின் வரலாற்றில், ஒரு பெண் தானாகப் பெட்டி கட்டினாள் என்று எழுதினால், பார்த்தீர்களா, அவர்களாகவே விரும்பிப் போனார்கள் என்று வாதிடுவோருக்கு அது ஆதாரமாகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயம் அர்த்தமற்றதன்று. குடியேற்றவாத அரசு நூறு வருடம் அதே வாதத்தைத்தானே செய்தது? ஆனால் அத்தை சொன்ன இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. இரண்டு அரசுகள் சேர்ந்து அவருக்கு முன்னால் திறந்து வைத்தவை இரண்டே கதவுகள்; ஒன்றுக்குப் பின்னால் பட்டினி, மற்றதற்குப் பின்னால் தெரியாத ஊர். கதவுகளை அமைத்தது அவர்கள். எந்தக் கதவு என்று முடிவெடுத்தது அத்தை. 'திரும்பியோர்' என்ற சொல் முதலாவதை மறைத்தது. என் கட்டுரை இரண்டாவதை மறைத்தது.

பத்திரிகைப் பிரதியை அனுப்பி வைத்தேன். பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த தடவை தொலைபேசியில் பேசியபோது, "நல்லாத்தான் எழுதியிருக்க மருமகனே. ஆனா என்னைய பார்சல்ல போட்டு அனுப்புன மாதிரில்ல எழுதிட்ட?" என்று சிரித்தார். நான் ஏதோ இட நெருக்கடி என்று சமாளித்தேன். பத்திரிகைக்காரனின் நிரந்தரச் சாக்கு அது.

பல ஆண்டுகளின் பின், வடக்கில் ஒரு சொல் மாறியதைக் காண நேர்ந்தபோது அத்தையை நினைத்துக் கொண்டேன். யுத்தத்தில் பிள்ளைகளையும் கணவர்மாரையும் பறிகொடுத்தவர்களை நாங்கள் நெடுங்காலம் 'காணாமற் போனோரின் உறவினர்' என்றே எழுதி வந்தோம். 2016இல் இயற்றப்பட்டு அலுவலகம் அமைத்த சட்டமும் 'காணாமல் போன ஆட்கள்' என்றே சொன்னது. வழி தவறிப் போன குழந்தையைச் சொல்வதைப் போன்ற சொல். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொன்னார்கள். போனார்கள் என்று சொல்லாதே, போக வைத்தவன் இருக்கிறான் என்பதே அவர்களின் இலக்கணம். எங்கள் செய்தி மேசையும் பின்னர் அச்சொல்லுக்கு மாறிற்று. அங்கேயும் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது 'ஆக்கப்பட்டான்' என்று செயப்பாட்டுவினையில் சொல்லும் அதே தாய், தன்னைப் பற்றிச் சொல்லும்போது தன்வினையில்தான் சொல்லுவார்: முகாம் முகாமாகப் போனேன், கேட்டேன், எழுதிக் கொடுத்தேன், இருந்தேன். இம்முறை அந்த 'நான்'களை நான் வெட்டவில்லை.

பெரியப்பா 2003 படிவத்தின் மூலம் இலங்கைப் பிரசையாகி, 2012இல் காலமானார். இறுதிவரை "போகமாட்டேன்னு நின்னேன்" என்றே சொல்லி வந்தார். கடவுச்சீட்டு விடயத்தை நான் எவரிடமும் சொல்லவில்லை. அவருடைய பிள்ளைகளின் அனுமதியுடனேயே இங்கு எழுதுகிறேன். அத்தை 2014இல் கோத்தகிரியில் மறைந்தார். ஒலிநாடாக்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நல்ல வேளையாக, பெட்டி கட்டிய பகுதி மற்றதில் இருக்கின்றது.

சென்ற மாதம் அத்தையின் பேரன் தொலைபேசியில் அழைத்தான். கோத்தகிரியிலேயே பிறந்தவன், இலங்கையைப் பார்த்தறியாதவன். மகளின் கல்லூரி அனுமதிக்காக ஏதோ சான்றிதழ் வேண்டுமாம். பாட்டி எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தார் என்ற விபரம் கேட்டான். 1975, 'இராமானுஜம்' கப்பல் என்று சொன்னேன். எழுதிக் கொண்டான். பிறகு, படிவத்தைப் பார்த்து வாசிப்பவன் குரலில், "அப்ப, பாட்டி தாயகம் திரும்பியது எழுபத்தஞ்சுன்னு போட்டுரட்டுமா மாமா?" என்றான்.

போடு என்றேன்.